மழையில் விரியாத குடை

வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஊசி போடவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், பிரஷர் பார்க்கவும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். என் கை இப்போது காபி டம்ளரைப் பிடிக்கவே யோசிக்கிறது. நான் சொல்ல வந்தது நர்ஸிங் காலேஜில் சொல்லித்தராத சமாசாரம். பெரியவர்கள் பொய் சொல்வார்கள். கொஞ்சம்கூடக் கூசாமல், நம் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சேலையூரில் ஓர் அம்மா இருந்தார். மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரும் குடித்து, "ஆ" என்று வாயைத் திறந்தும் காட்டுவார். நான் தெரு முனை திரும்பியதும் அது ஜன்னலோரத் துளசித் தொட்டிக்குள் போய்விடும். அந்த அம்மாவுக்குப் பிரஷர் குறையவே இல்லை; துளசிக்கு மட்டும் ரத்தக் கொதிப்பு வந்ததே கிடையாது. குரோம்பேட்டையில் ஒரு ரிடையர்ட் வாத்தியார், பாத்ரூமில் தான் வழுக்கி விழவே இல்லை என்று சாதித்தார். பிளாஸ்டிக் வாளி நசுங்கி இரண்டாகப் பிளந்து கிடந்தது. "அது பழைய வாளிம்மா" என்றார்.

கோபப்படாதீர்கள். பென்ஷன் பணம் மகன் கையில், சமையல் மருமகள் கையில், டிவி ரிமோட் பேரப்பிள்ளைகள் கையில் என்று எல்லாம் போன பிறகு, அவர்கள் கையில் மிச்சமிருப்பது இந்தப் பொய் ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் எப்படி? பிடுங்க வேண்டாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு சுலைமான் பாய் கதையைச் சொல்கிறேன்.

அப்போது தாம்பரத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் எனக்கு வேலை. மொபெட்டில் போய் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்ப்பது என் பங்கு. கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் என் எல்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். நடுவில் காலி மனைகள், காலி மனைகளில் எருமைகள். அப்படி ஒரு தெருவின் கடைசி வீடு சுலைமான் பாயுடையது.

பாய் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எது லேட், எது ட்ரிப் அடிக்காமலே ஏமாற்றியது என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே காலம் தள்ளியவர். நான் மொபெட்டை நிறுத்தும்போதே வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"இன்னா சிஸ்டர், பத்தரை வண்டி இப்பத்தான் வருதா? வழியில பிரேக் டவுனா?"

சட்டைப் பையில் பழைய விசில் இருக்கும். எனக்கு நேரம் ஆகிவிட்டது என்று தோன்றினால் அதை எடுத்து ஒரு ஊது ஊதி என்னை வழியனுப்புவார். மனைவி இறந்து பல வருஷம். மகன் ரஃபீக்குக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பகலெல்லாம் வீட்டில் அவரும் மருமகள் நஸீமாவும்தான்.

நஸீமா பி.காம். படித்த பெண். மாமனாருக்குச் சர்க்கரை நோய் முற்றியிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அந்த வீட்டை ஒரு ஆஸ்பத்திரியாகவே மாற்றிவிட்டாள். காலையில் வெந்தயத் தண்ணீர், அப்புறம் கோதுமை உப்புமா, மதியம் அளந்த சோறும் பாகற்காயும், ராத்திரி மறுபடி கோதுமை. நான் ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தேன். இன்சுலின் ஊசியை என்னைவிட மெதுவாகப் போடுவாள். அந்த வீட்டில் சீனி என்ற பொருளே கிடையாது. சீனி டப்பாவைக் கழுவி அதில் வெந்தயம் போட்டு வைத்திருந்தாள். நோன்புக்கு வாங்கி மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தைக்கூட அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

"ஒரு கைப்பிடி சீனி எங்கேயாவது வச்சிரும்மா. ஊசி போடுற வீடு. திடீர்னு சக்கரை இறங்கினா வேணும்" என்று நான் சொன்னேன்.

சாராயம் வைக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாள். "இறங்கணும்னுதானே சிஸ்டர் நானும் துவா செய்றேன்! ஏறித்தானே கெடக்கு?"

அவள் சொன்னதும் நியாயம்தான். ஒவ்வொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கும்போதும் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. எங்கள் டாக்டர் ஊசி அளவைக் கூட்டினார். அப்புறமும் ஏறியது, மறுபடி கூட்டினார், ஒரு மாத்திரையும் சேர்த்தார். அதற்கும் அசையவில்லை. இத்தனைக்கும் பாய் தினமும் சாயங்காலம் வாக்கிங் போவார். மழை வந்தால்தான் லீவு. பேன்ட், ஷூ, கையில் நீளமான கறுப்புக் குடை. கோவிலம்பாக்கம் கூட்டுரோடு வரை போய் ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து வடிந்து திரும்புவார். நஸீமாவுக்கு அதில் ஒரே பெருமை. "இந்தத் தெருவுல எங்க மாமா மாதிரி யாரு சிஸ்டர் நடக்கிறாங்க?" என்பாள்.

அந்தக் குடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் சாயங்காலம் போய்விட்டுக் கிளம்பும்போது பாயும் வாக்கிங் கிளம்பினார். கேட்டைத் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. நான் மொபெட்டை ஓரம் கட்டி மரத்தடியில் ஒதுங்கினேன். பாய் குடையை விரிக்கவில்லை. மடித்த குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி, வீட்டைப் பார்த்து ஓடினார். வாசலில் நின்ற நஸீமா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எப்பவும் இப்படித்தான் சிஸ்டர். அக்னி நட்சத்திரத்துல கூட தூக்கிட்டுப் போவாரு. மழையில மட்டும் விரிக்க மாட்டாரு. நனைஞ்சா கெட்டுப்போயிடுமாம். யாரையும் தொட விடவும் மாட்டாரு. மாமி வாங்கிக் குடுத்த குடையாம்."

"மனைவி ஞாபகம்" என்று நானும் நெகிழ்ந்துபோனேன். குடை நனையக் கூடாது என்று மனிதர் நனைகிறாரே, என்ன பாசம்!

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசமாட்டார், பேசினால் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டு பேசுவார். "சாப்பாடு சரிங்கிறாங்க, நடை சரிங்கிறாங்க, ஊசி சரிங்கிறாங்க. ரத்தம் மட்டும் இல்லைங்குது. நாலு பேர்ல யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க சிஸ்டர். ரத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. போய்ப் பாருங்க" என்றார்.

போனேன். பாயைத் தனியாகக் கேட்டேன். "நா இன்னா சின்ன புள்ளயா சிஸ்டர், திருடித் தின்ன? இந்த வூட்டுல எறும்புக்கே இனிப்பு கெடைக்கல, வூட்ட காலி பண்ணிகினு போயிடுச்சு" என்று அடுப்படியைக் காட்டினார். உண்மைதான், அங்கே ஓர் எறும்புகூட இல்லை. சரி, இரண்டு நாள் விட்டு வந்து இன்னொரு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினேன். அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது.

எப்படிப்பட்ட மழை என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். சதுப்பு தன் இடத்தைத் திரும்பக் கேட்க வந்த மாதிரி தெருக்களில் ஏறி நின்றது. மேடவாக்கம் ரோட்டில் பஸ் போகவில்லை. கரண்ட் கிடையாது, லேண்ட் லைன் கிடையாது. இரண்டாம் நாள் மதியம் நர்ஸிங் ஹோமில் என் செல்போன் அடித்தது. நஸீமா.

"சிஸ்டர், இந்த மாமாவை வச்சுகிட்டு என்னால முடியல!"

புகார் வாசிக்க ஆரம்பித்தாள். இங்கே ஒன்று கவனியுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் புகார் சொல்லும்போது நடுவில் பேசாதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள். நமக்கு வேண்டிய சேதி அந்தப் புகாருக்குள்தான் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

"வாக்கிங் போக விடலைன்னு நேத்துலேந்து மொகத்தைத் தூக்கி வச்சிருக்காரு. தெருவுல இடுப்பளவு தண்ணி, வாசப்படி வரைக்கும் ஏறி நிக்குது, நானா விடல? காலையில ஊசி போட்டேன், மாத்திரை குடுத்தேன். உப்புமாவை ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டைத் தள்ளிட்டாரு. மத்தியானச் சோத்தையும் தொடல. இப்ப என்னைப் பார்த்து, 'இன்னாய்யா கண்டக்டர், வண்டிய எடுக்காம நின்னுகினு கீறே'ங்கிறாரு. என்னைப் போய்க் கண்டக்டர்ங்கிறாரு சிஸ்டர்! விசில் வேற ஊதுறாரு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் நிறுத்தவில்லை.

"ஜன்னிதான் கண்டிருச்சோன்னு தைலம் தேய்க்கப் போனா, சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. இந்தக் குளிர்ல எப்படி சிஸ்டர் வேர்க்கும்?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நஸீமா, கை நடுங்குதா பாரு."

"நடுங்குது."

"பேச்சு?"

"கொழறுது... சிஸ்டர், பக்கவாதமா?"

"சக்கரை இறங்கியிருக்கும்மா. ரொம்ப இறங்கியிருக்கு. சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடு. இப்பவே."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "சீனியா? மாமாவுக்கா? ஏறிடாதா சிஸ்டர்?"

"ஏறினா அடுத்த வாரம் இறக்கிக்கலாம். இன்னும் இறங்குச்சுன்னா மாமா எழுந்திரிக்கவே மாட்டாரு."

சோதித்துப் பார்க்க அந்த வீட்டில் மெஷின் கிடையாது, அது என் பையில் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவர் வேர்த்து, நடுங்கி, உளறினால் மெஷினுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் இனிப்பு, மற்றதெல்லாம் அப்புறம்.

"சிஸ்டர்," அவள் குரல் உடைந்தது. "வீட்டுல சீனி இல்ல."

எனக்குத் தெரியாதா? வெல்லம் கேட்டேன், இல்லை. தேன் இல்லை, ஜாம் இல்லை, வாழைப்பழம் இல்லை. மழையில் பால் பாக்கெட்டும் வரவில்லை. அவள் கை வைத்துத் துடைத்து எடுத்த வீடு, ஒரு குறையும் வைக்கவில்லை மகராசி.

"டீயில போடுற இனிப்பு மாத்திரை இருக்கு சிஸ்டர்! பத்து மாத்திரை கரைக்கட்டுமா?"

"அது நாக்கைத்தான் ஏமாத்தும், உடம்பை ஏமாத்தாது. நூறு போட்டாலும் வேலைக்கு ஆகாது. பக்கத்து வீடு?"

"இந்தப் பக்கம் காலி மனை. அந்தப் பக்கம் பூட்டிட்டு வண்டலூருக்குப் போயிட்டாங்க. எதிர்த்தாப்புல போகணும்னா தண்ணியில இறங்கணும், இவரை விட்டுட்டு எப்படிப் போவேன்? எழுந்து எழுந்து விழப் பார்க்கிறாரு. ரஃபீக் கம்பெனியிலேயே மாட்டிக்கிட்டாரு. சிஸ்டர், எதாவது ஆயிருச்சுன்னா எங்க நாத்தனாருங்க என்னைத்தானே சொல்வாங்க, பட்டினி போட்டே கொன்னுட்டான்னு! போன்ல சார்ஜ் வேற ஒரு கோடுதான் இருக்கு."

டாக்டரிடம் சைகை காட்டினேன். அவர் உடனே வேன் டிரைவரை அனுப்பினார். ஆனால் மேடவாக்கத்தைத் தாண்டி வேன் போகாது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஒரு கோடு சார்ஜ். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஓடத் தோன்றும், கத்தத் தோன்றும். உட்காருங்கள். உட்கார்ந்தால்தான் மண்டை வேலை செய்யும்.

இத்தனை மாதம் இறங்காத சர்க்கரை இன்றைக்கு ஏன் இறங்கியது? ஊசி அதே ஊசி. சாப்பாடு குறைந்தது சரி, ஆனால் அது மட்டுமா? மழை வந்ததால் அந்த வீட்டில் நின்றுபோனது வாக்கிங் ஒன்றுதான். நடை நின்றால் சர்க்கரை ஏற வேண்டும். இவருக்கு இறங்கியிருக்கிறது! அப்படியென்றால் சர்க்கரை அந்த நடையில்தான் இருந்திருக்கிறது. நடைக்கு அவரோடு கூடப் போவது எது?

தூறலில் குடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிய மனிதர் என் கண்முன் வந்தார். பாசமாம், மண்ணாங்கட்டி!

"நஸீமா, குடை எங்கே?"

"குடையா? நான்தான் வெளியில போக முடியாதுன்னு சொல்றேனே சிஸ்டர்!"

"போக வேணாம். மாமாவோட குடையை எடுத்து விரி."

"ஐயோ, அவரு தொட விடமாட்டாரு."

"இப்ப அவரு கண்டக்டரைத் தேடிகிட்டிருக்காரு. விரிம்மா!"

போனைக் கீழே வைக்கும் சத்தம். படக்கென்று குடை விரியும் சத்தம். அப்புறம் தரையில் எதெதுவோ பொலபொலவென்று விழும் சத்தம்.

"சிஸ்டர்... தேன் மிட்டாய்." மூச்சு வாங்கினாள். "பொட்டலம் பொட்டலமா தேன் மிட்டாய். ஒரு பெட்டிக்கடையே இருக்கு சிஸ்டர். நான் இவருக்காக..."

"அழுவுறதை அப்புறம் அழலாம். நாலஞ்சு மிட்டாயை வெந்நீர்ல போட்டு நசுக்கிக் கரை. மிட்டாயை அப்படியே வாயில வைக்காதே, தொண்டையில அடைச்சிரும். முதுகை நிமிர்த்தி உட்கார வச்சு, ஸ்பூன் ஸ்பூனா குடு. முழுங்குறாரான்னு பாரு. முழுங்கலைன்னா நிறுத்திரு."

இதை மறக்காதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தண்ணீரைக்கூட. பாய் உளறினாரே தவிர நினைவு தப்பவில்லை. அந்த வாசல் மூடுவதற்குள் நாங்கள் நுழைய வேண்டியிருந்தது.

பாய் ஸ்பூனைத் தட்டிவிட்டார். "கண்டக்டர் கையால டீ குட்ச்சா பேரு கெட்டுப்பூடும்" என்று அவர் குழறுவது எனக்கே கேட்டது. நஸீமா இரண்டு தடவை கெஞ்சினாள். மூன்றாவது தடவை அவள் குரலே மாறியது. அந்தப் பெண்ணுக்குள் இப்படி ஒரு கில்லாடி இருப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"சார், டைம் கீப்பர் சார்! டீயைக் குடிச்சுட்டு ஒரு விசில் குடுங்க சார், வண்டிய எடுத்துடறேன். பாசஞ்சர்லாம் கத்துறாங்க!"

குடித்தார். விசிலும் ஊதினார். பாதி டம்ளர் உள்ளே போயிற்று. கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று மிட்டாய் கரைக்கச் சொன்னேன். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜெபம் சொன்னேன், அவள் துவா ஓதினாள், டாக்டர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பக்கம் திடீரென்று ஒரு அதட்டல், பழைய குரலில், சுத்தமாகக் கேட்டது.

"குடைய எவன் விரிச்சது?"

அதைவிட அழகான வார்த்தையை என் சர்வீஸிலேயே நான் கேட்டதில்லை. டாக்டரிடம் சொன்னேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆள் தெளிந்துவிட்டது என்று போனை வைத்துவிடாதீர்கள். உள்ளே போன மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், மறுபடி இழுக்கும். "கஞ்சி வச்சுக் குடு, தூங்க விடாதே, சாயங்கால மாத்திரை வேணாம், ஊசியும் வேணாம், மறுபடி வேர்த்தா மறுபடி மிட்டாய்" என்று நான் கடகடவென்று சொல்லி முடிக்கவும் போன் அணையவும் சரியாக இருந்தது. வேன் மேடவாக்கத்தில் நின்றுவிட்டது என்று டிரைவரும் சொன்னான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் காலையில் நான் போனது ஒரு குடிதண்ணீர் லாரியில். வெள்ளத்துக்கு நடுவே தண்ணீர் லாரியில் ஏறித் தண்ணீரைக் கடந்து போன நர்ஸ் நானாகத்தான் இருப்பேன். பாய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நஸீமா முகத்தைத் திருப்பிக்கொண்டு எனக்குப் பாலில்லாத டீ கொண்டு வைத்தாள். விரல் குத்திச் சர்க்கரை பார்த்தேன், பயமில்லை.

"சரி பாய், ட்ரிப் ரிப்போர்ட் சொல்லுங்க" என்றேன்.

தலையைச் சொறிந்தார். "ட்ரிப் போனது நெஜம் சிஸ்டர். கூட்டுரோட்டுல பேக்கரி ஸ்டாப்பிங்ல மட்டும் வண்டி கொஞ்சம் நின்னுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ட்ரிப் டைம் ஃபுல்லாவே அங்கதான் நின்னுச்சுன்னு வச்சுக்கயேன்."

வாக்கிங் கோஷ்டி என்று ஐந்தாறு பேர். எல்லாரும் சர்க்கரை நோயாளிகள், எல்லாரும் டாக்டர் சொல்லி நடக்க வந்தவர்கள். முதலில் அருகம்புல் ஜூஸ் குடிப்பார்களாம், உடம்புக்கு நல்லதென்று. அந்தக் கசப்புப் போக பன் பட்டர் ஜாம், அதற்கு மேலே ஒரு ஸ்ட்ராங் டீ. திரும்பி வரும்போது தெரு முனையிலிருந்து வேக வேகமாக ஓடி வந்து வேர்வையை வரவழைத்துக்கொள்வார். ட்ரிப் அடிக்காத டிரைவர்களைப் பிடித்தே காலம் தள்ளிய மனிதர்! குடையிலிருந்தது வழிச் செலவுக்கு. வீட்டுக்குள் விரித்தால் நஸீமா பார்த்துவிடுவாள் என்று அந்த இரண்டு நாளும் தொட முடியவில்லையாம்.

அந்த பன்னும் மிட்டாயும் சேர்ந்து ஏற்றிய சர்க்கரைக்குத்தான் நாங்கள் ஊசியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். மழை பன்னை நிறுத்தியது, ஊசியை யாரும் நிறுத்தவில்லை. விளங்குகிறதா? அவர் தின்ற இனிப்பு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடுத்திருக்கும். அதை எங்களிடம் மறைத்தது ஒரே மத்தியானத்தில் ஆளை முடிக்கப் பார்த்தது.

"ஆனா ஒண்ணு சிஸ்டர்," பாய் கொஞ்சம் தெம்பாக நிமிர்ந்தார். "நா மட்டும் மறைச்சு வைக்கலேன்னா நேத்து இன்னா ஆயிருக்கும்? என் உயிர நாந்தான் காப்பாத்திகினேன்."

நஸீமா அதுவரை அடக்கியிருந்தது வெடித்துவிட்டது. "நீங்க மறைச்சதாலதான் மாமா இந்தக் கதியே வந்துச்சு! ரெண்டு வருஷமா நானும் சீனி போடாமத்தான் டீ குடிக்கிறேன், தெரியுமா உங்களுக்கு? பாயசம் இல்ல, ஒரு கேசரி இல்ல. பெருநாளைக்கு அம்மா வீட்டுல குடுத்த ஸ்வீட்டைக்கூட பஸ்லயே பக்கத்து சீட்டுக்காரங்களுக்குக் குடுத்துட்டு வந்தேன். நீங்க என்னடான்னா தினம் பன் பட்டர் ஜாம்!"

பாய் திகைத்துவிட்டார். "நீ ஏம்மா சீனி இல்லாம குடிக்கிறே? உனக்கு இன்னா வியாதி?"

"உங்க முன்னாடி நான் மட்டும் எப்படி மாமா குடிப்பேன்?"

எனக்கு வைத்திருந்த டீயைப் பார்த்தேன். அதிலும் சீனி இல்லைதான். இத்தனை நாள் அந்த வீட்டு டீயைக் குடித்தும், அவளும் அதையேதான் குடிக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. எனக்கும் சர்க்கரை வந்துவிடக் கூடாதென்று சீனி இல்லாமல் தருகிறாள் என்றே நினைத்திருந்தேன். பாய் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

டாக்டர் ஊசி அளவைப் பாதிக்கு மேல் குறைத்தார். வாரத்துக்கு ஒரு நாள் பன், ஜாம் இல்லாமல், அதுவும் நஸீமாவிடம் சொல்லிவிட்டு என்று ஒப்பந்தம் ஆயிற்று. "பர்மிஷன் வாங்கித் துன்னா ருசியே இல்ல சிஸ்டர்" என்று என்னிடம் முணுமுணுத்தார். ஆனால் வெள்ளம் வடிந்து முதல் தடவை கூட்டுரோடு போய்த் திரும்பியபோது அவர் கையில் ஒரு கிலோ சீனி பாக்கெட் இருந்ததாம். மருமகள் முன்னால் வைத்து, "இது உனக்கு. நா பாக்கவே மாட்டேன், நீ குடி" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம். நஸீமா இதைச் சொல்லும்போது சிரித்தாள், மூக்கையும் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் வழக்கம்போல் போயிருந்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. எனக்குச் சீனி போட்ட டீ கிடைத்தது. கறுப்புக் குடை பழைய ஆணியிலேயே தொங்கியது, முன்னைவிடக் கொஞ்சம் உப்பலாக. ஆபத்துக்கு வேண்டும் என்று நஸீமாவே உள்ளே பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். "குடை என்னுது, சாவி அவ கையில" என்று பாய் அலுத்துக்கொண்டார். "வாக்கிங் போயி வந்ததும் மிட்டாய எண்ணிப் பாக்குறா சிஸ்டர். டிப்போல நா இவ்ளோ ஸ்ட்ரிக்டா இருந்ததில்ல."

கிளம்பும்போது தூறல் ஆரம்பித்தது. தெரு முனைக் கடை வரை போய்விட்டு வந்து மொபெட்டை எடுக்கலாம் என்று நினைத்தேன். எனக்குக் குறும்பு சும்மா இருக்குமா?

"நஸீமா, அந்தக் கறுப்புக் குடையைக் குடும்மா, இதோ வந்திடறேன்" என்று ஆணிப் பக்கம் கையை நீட்டினேன்.

"அது வேணாம் சிஸ்டர்!"

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தது. மாமனார் கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டார், மருமகள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நஸீமா தன்னுடைய பூப்போட்ட மடக்குக் குடையை அவசரமாக என் கையில் திணித்தாள்.

அதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.